21 கிலோமீட்டர் ஓடிய மறுநாள் எம்டிஏ கூடியிருக்கிறது. ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

பதிவு 1 | விடியல்நடை

வணக்கம் நண்பர்களே. குழப்பத்தில் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. போன வருடம் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6.1 வந்தது. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை எழுதவில்லை, உடம்பை அசையுங்கள் என்றார். நடக்க ஆரம்பித்தேன், நடை மெதுவோட்டமாயிற்று, பத்து மாதத்தில் 7 கிலோ இறங்கியது, போன ஞாயிறு முதல்முறையாக 21 கிலோமீட்டர் ஓடி முடித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டேன்.

மறுநாள் காலை, முன்பே பணம் கட்டி வைத்திருந்த முழு உடல் பரிசோதனை. அந்தத் தொகுப்பில் ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. அதில் எம்டிஏ என்ற அளவு அவர்கள் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டி, சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே ‘மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன்’ நன்றாக இருப்பதாகப் பச்சையில் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே உடம்பில் எப்படி?

ஜிம்மில் பயிற்சியாளரிடம் காட்டினேன். ஓட ஓட ஆக்சிஜன் அதிகமாக எரியும், அதன் கழிவு செல்லை அரிக்கும், இனிமேல் தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட் போட்டே ஆகவேண்டும் என்கிறார். வீட்டிலோ, சர்க்கரைக்குப் பயந்து ஓடப்போய் வேறு எதையோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டீர்களே என்று ஒரே கவலை.

ஓட்டத்தால்தான் இது கூடியதா? மாத்திரை போடலாமா? தூரத்தைக் குறைக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதிவு 2 | ஓயாத்தசை

முதலில் வாழ்த்துகள் அண்ணா. நடையிலிருந்து 21 கிலோமீட்டருக்குப் பத்து மாதத்தில் வருவது சாதாரணக் காரியம் இல்லை.

நான் கல்லூரியில் உடலியங்கியல் எடுக்கிறேன். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: ஆமாம், ஓட்டத்தால்தான் கூடியிருக்கும். ஆனால் அதனால் உடம்பு கெட்டுப்போகிறது என்று அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் இத்தனை பயமும்.

எம்டிஏ என்பது மாலோன்டைஆல்டிஹைடு. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் கொழுப்பு இருக்கிறது. அதை ஃப்ரீ ராடிக்கல் என்ற, எதோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறு தாக்கும்போது கொழுப்பு உடைந்து மிஞ்சுகிற துண்டுகளில் ஒன்று இது. உடற்பயிற்சியின்போது இப்படி நடக்கிறது என்பது இன்று நேற்றுக் கண்டது இல்லை. 1978ல் அமெரிக்காவில் டில்லார்டும் டாப்பெலும் அவர்களுடைய குழுவும் ஆட்களைச் சைக்கிள் மிதிக்க வைத்து, வெளிவிடும் மூச்சில் பென்டேன் என்ற வாயுவை அளந்தார்கள். கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வருகிற வாயு அது. மிதிக்க மிதிக்கக் கூடியது. 1982ல் கெல்வின் டேவிஸ் குழு எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டு, தசையிலும் கல்லீரலிலும் ராடிக்கல் சமிக்ஞை இரண்டு மூன்று மடங்கு ஏறுவதை நேரடியாகவே காட்டியது. அதற்குப் பிறகு வந்த இருபது வருடம் முழுக்க, பயிற்சி நல்லதுதான், ஆனால் இந்த ஒரு தீங்கு கூடவே வருகிறது, அதை மாத்திரையால் அடக்கிவிட்டால் முழு நன்மையும் கிடைக்கும் என்று நினைத்தார்கள். உங்கள் பயிற்சியாளர் சொல்வது அந்தக் காலத்துப் பாடம். அவர் மேல் தப்பில்லை, எங்கள் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பாடத்தில் இன்னொன்றும் மாறிவிட்டது. உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் 2 முதல் 5 சதவீதம், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கசிந்து ராடிக்கல் ஆகிறது, அதனால் பத்து மடங்கு மூச்சு வாங்கினால் பத்து மடங்கு கசிவு என்று கணக்குப் போட்டார்கள். அந்த 2 முதல் 5 என்பது, சோதனைக்குழாயில் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவுக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்து எடுத்த எண். உயிருள்ள தசையில் அதைவிட மிகவும் குறைவு. அதுமட்டும் இல்லை, வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியா சும்மா இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைவிடக் குறைவாகத்தான் கசிகிறது. தசை சுருங்கும்போது வருகிற ராடிக்கலின் பெரும்பங்கு என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதியிலிருந்து வருகிறது. அதாவது புகைபோக்கியில் வெளியேறும் கரி இல்லை இது, செல்லே ஒரு நொதியை வைத்துக்கொண்டு வேண்டித் தயாரிப்பது.

எதற்குத் தயாரிக்கிறது? சேதி அனுப்ப. அந்தச் சேதி கிடைத்தால்தான் என்ஆர்எஃப்2, பிஜிசி-1 ஆல்ஃபா போன்ற புரதங்கள் முழித்துக்கொண்டு, செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளான சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ், கேடலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் எல்லாவற்றையும் கூடுதலாகச் செய்யச் சொல்கின்றன, புது மைட்டோகாண்ட்ரியாவையும் கட்டச் சொல்கின்றன. அதனால் ஓடிய மறுநாள் எடுத்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியது ஓய்வில் இருக்கும்போது வருகிற அளவு. மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு அது இறங்குகிறது என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன.


பதிவு 3 | சோதனைக்குழாய்

லேபில் 22 வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி. அந்தப் பக்கத்தை அப்படியே மடித்து வையுங்கள்.

எம்டிஏவை வணிக லேப்களில் பெரும்பாலும் டிபார்ஸ் முறையில்தான் அளப்பார்கள். சீரத்தோடு தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும், அந்த நிறத்தை 532 நானோமீட்டரில் படிப்பார்கள். சிக்கல் என்னவென்றால் அந்த அமிலம் எம்டிஏவோடு மட்டும் சேர்வதில்லை. சர்க்கரைகள், வேறு ஆல்டிஹைடுகள், பிலிருபின் என்று பலதும் குறுக்கே வரும். ஊசி குத்தும்போது ரத்த அணுக்கள் உடைந்திருந்தாலும் அளவு மாறும். மாதிரியைக் காலையில் எடுத்துச் சாயங்காலம்வரை வெளியே வைத்திருந்தால், குழாய்க்குள்ளேயே கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துகொண்டிருக்கும். உங்கள் உடம்பில் நடந்ததா, குழாயில் நடந்ததா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்கு எஃப்2-ஐசோப்ரோஸ்டேன் அளக்கிறார்கள். 1990ல் அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாரோவும் ராபர்ட்ஸும் கண்டது. நொதி எதுவும் இல்லாமல் ராடிக்கல் நேரடியாக அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பைத் தாக்கினால் மட்டும் வருவது, அதனால் நம்பலாம். ஆனால் அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், பிளாஸ்மாவை மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

‘மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன்’ பச்சையில் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. எஃப்ஆர்ஏபி என்ற முறையில் அளந்திருந்தால் அந்த எண்ணில் பெரும்பங்கு யூரிக் அமிலம். கடுமையாக ஓடினால் தசையில் ஆற்றல் தரும் ஏடிபி கரைந்து யூரிக் அமிலம் ஏறும். அது ஏறினால் இந்தத் ‘திறனும்’ ஏறும். உங்களுக்குப் பாதுகாப்பு கூடிவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. சிவப்புக்குப் பயப்படாதது போலவே பச்சைக்கு மகிழவும் வேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன். அதே தாளில் கல்லீரல் பகுதியில் வரும் எஸ்ஜிஓடி என்ற நொதி கூடியிருக்கிறதா? தசை நொதியான சிகே எடுத்திருந்தார்களா? வெள்ளணு எண்ணிக்கை எவ்வளவு?


பதிவு 4 | விடியல்நடை

அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எஸ்ஜிஓடி 71. எஸ்ஜிபிடி சரியாக இருக்கிறது. சிகே எடுக்கவில்லை. கல்லீரல் டாக்டரைப் பாருங்கள் என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள், வீட்டில் பயப்படுவார்கள் என்று அதைப் பற்றி மேலே எழுதவில்லை.


பதிவு 5 | சோதனைக்குழாய்

எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் நிறைய இருக்கிறது. 21 கிலோமீட்டர் ஓடிய மறுநாள் அது ஏறுவது வழக்கம். சிகே எடுத்திருந்தால் அதுவும் பல மடங்கு ஏறியிருக்கும். ரத்தம் எடுக்கிறவர் முதல் நாள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை பயம் வந்திருக்காது. நாங்கள் அந்தக் காலத்தில் கேட்டுக் குறித்துவைப்போம். ஆனாலும் நான் சொன்னதை வைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் ஓடாமல் இருந்து எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி மட்டும் திரும்ப எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி, அதில் தாமதம் கூடாது.


பதிவு 6 | மருதமலை

எல்லோரும் மாத்திரைக்கு எதிராகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆறு வருடமாக வைட்டமின் சி 1000 போடுகிறேன், வாரம் ஐந்து நாள் பளு தூக்குகிறேன். எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. சளி பிடிப்பது குறைந்திருக்கிறது. ராடிக்கல் சேதி சொல்கிறது என்கிறீர்கள், சரி. அதே ராடிக்கல் டிஎன்ஏவையும் தாக்குகிறது இல்லையா? 8-ஓஎச்டிஜி என்று சிறுநீரில் அளக்கிறார்களே, அது டிஎன்ஏ அரிபட்ட அடையாளம்தானே? சேதியும் வேண்டும், சேதமும் வேண்டாம் என்று ஒருவர் நினைப்பதில் என்ன தப்பு? பயிற்சி முடிந்து வலியோடு படுத்திருக்கும் ஒரு மனிதனிடம் வலியும் நல்லதுதான் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.


பதிவு 7 | ஓயாத்தசை

நியாயமான கேள்வி மருதமலை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அண்ணாவுக்குச் சொல்லப்பட்ட அளவும் ஒரு பெயர்பெற்ற ஆய்வில் கொடுத்த அளவும் அச்சு அசலாக ஒன்று.

2009ல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழு 25 முதல் 35 வயதுவரை உள்ள ஆரோக்கியமான ஆண்கள் சுமார் 40 பேரை எடுத்தது. பாதிப் பேர் ஏற்கெனவே பயிற்சி உள்ளவர்கள், பாதிப் பேர் இல்லாதவர்கள். நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு 85 நிமிடம் பயிற்சி. ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் தசையிலிருந்து துணுக்கு எடுத்தார்கள், இன்சுலின் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கிளாம்ப் முறையில் அளந்தார்கள்.

மாத்திரை போடாதவர்களுக்குப் பயிற்சி தொடங்கிய சில நாளில் தசையில் டிபார்ஸ் ஏறியது. மாத்திரை போட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. இதுவரைக்கும் மாத்திரை ஜெயித்தது போலத்தான் தெரியும். ஆனால் நான்கு வாரம் கழித்து இன்சுலின் உணர்திறன் கூடியது மாத்திரை போடாதவர்களுக்குத்தான். போட்டவர்கள் அதே அளவு வியர்வை சிந்தியும் அந்த நன்மை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உடம்பின் சொந்தப் பாதுகாப்பு நொதிகள் கூடியதும் போடாதவர்களுக்குத்தான்.

இப்போது அண்ணாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் ஓட ஆரம்பித்ததே இன்சுலினுக்காக. பதக்கத்துக்காக ஓடவில்லை. எதற்காக ஓடுகிறாரோ அதையே தடுக்கக்கூடிய ஒன்றை, ஒரு சிவப்பு எழுத்தைப் பச்சையாக்குவதற்காகப் போடலாமா? எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

டிஎன்ஏ பற்றிக் கேட்டீர்கள். 8-ஓஎச்டிஜி சிறுநீரில் வருகிறது என்றால் அரிபட்ட துண்டு வெட்டி எடுக்கப்பட்டு வெளியே போகிறது என்றும் அர்த்தம். பழுதுபார்ப்பு நன்றாக நடந்தாலும் அந்த எண் கூடும். ஒரே ஓர் எண்ணை வைத்து அரிப்பு கூடியதா பழுதுபார்ப்பு கூடியதா என்று பிரிக்க முடியாது.

வலிக்கு: 2017ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். பயிற்சிக்குப் பிந்திய தசைவலியை ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் ஒருவர் உணரும் அளவுக்குக் குறைப்பதில்லை என்று முடித்தார்கள்.


பதிவு 8 | மருதமலை

ஆனால் அந்த ஜெர்மனி ஆய்வு ஒன்றே ஒன்றுதானே? நானும் தேடிப் படித்தேன். 2014ல் நார்வேயில் பால்சென் குழு 54 பேரை வைத்து 11 வாரம் செய்தது, ஏறக்குறைய அதே வைட்டமின் அளவு. மாத்திரை போட்டவர்கள், போடாதவர்கள் இரண்டு பேருக்கும் உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு ஒரே மாதிரிதான் கூடியது. ஓட்டச் சோதனையிலும் வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் எங்கே கெடுதல்? சளி பற்றியும் சொல்கிறேன். சாதாரண மக்களுக்கு வைட்டமின் சி சளியைத் தடுக்காது என்று சொன்ன அதே காக்ரேன் தொகுப்பில், மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள் என்று உடம்பை வருத்துகிறவர்களுக்கு மட்டும் சளி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக இருக்கிறது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?


பதிவு 9 | ஓயாத்தசை

இரண்டும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பால்சென் ஆய்வில் ஆட்டத்திறன் குறையவில்லை. ஆனால் அதே ஆய்வில் தசைத்துணுக்கைப் பார்த்தபோது, மைட்டோகாண்ட்ரியா பெருகுவதைக் காட்டும் புரதங்கள் போடாதவர்களுக்குக் கூடின, போட்டவர்களுக்குக் கூடவில்லை. உள்ளே அடைபடுகிறது, வெளியே 11 வாரத்தில் தெரியவில்லை. 2008ல் ஸ்பெயினில் கோமஸ்-கப்ரேரா குழு எலிகளில் பார்த்தபோது வைட்டமின் சி கொடுத்தவற்றின் ஓட்டத் தாக்குப்பிடிப்பு பயிற்சியால் கொஞ்சமாகத்தான் கூடியது, கொடுக்காதவை அதைவிடப் பல மடங்கு அதிகமாக முன்னேறின. மனிதர்களில் அந்த அளவு வித்தியாசம் எல்லா ஆய்விலும் வருவதில்லை, ஒரு வித்தியாசமும் காணாத ஆய்வுகளும் இருக்கின்றன. ஆகவே மாத்திரை போட்டால் ஓட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை. நன்மை கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, குறையலாம் என்பதற்குக் கொஞ்சம் இருக்கிறது, சர்க்கரை வாசலில் நிற்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு போதும் என்கிறேன்.

போட்டிக்கு முந்திய இரண்டு வாரம் சளிக்காக வைட்டமின் சி போடும் வீரரை நான் தடுக்க மாட்டேன். வருடம் முழுக்க, பயிற்சிக் காலம் முழுக்கப் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.


பதிவு 10 | பருத்தித்துறையான்

நான் கனகாலமாக நெடுந்தூரம் ஓடுகிற ஆள், இப்ப கனடாவில் இருக்கிறன். எங்கட ஆட்கள் அறிய வேண்டிய இரண்டு ஆய்வு இருக்கு.

ஒன்று 50 கிலோமீட்டர் ஓட்டம். ஏழு கிழமை வைட்டமின் சியும் ஈயும் கொடுத்து ஓடவிட்டவை. மாத்திரை எடுத்தவைக்கு எஃப்2-ஐசோப்ரோஸ்டேன் ஏறவில்லை, எடுக்காதவைக்கு ஏறினது. ஆனால் அழற்சியும் தசைச் சேதமும் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரித்தான் இருந்தது. அதாவது மார்க்கரை, அந்த அடையாள அளவை, அடக்கியும் உடம்புக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. அதில் இன்னுமொரு புதினம், மாத்திரை எடுக்காத பெண்களுக்கு ஓடி முடிஞ்சு இரண்டு மணித்தியாலத்தில் அளவு பழைய நிலைக்கு வந்திட்டுது, ஆண்களுக்கு நாள்கணக்கில் ஏறியபடியே இருந்தது.

மற்றது ஹவாயில் கோனா டிரையத்லான். இரண்டு மாதம் நாளுக்கு 800 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவைக்குப் போட்டி முடிவில் ஐசோப்ரோஸ்டேன் எடுக்காதவையைவிடக் கூடுதலாக ஏறினது. 2004ல் நீமன் குழு வெளியிட்டது. அடக்கத்தான் கொடுத்தது, அதுவே கூட்டிவிட்டுது. அதை வாசிச்ச அன்றே நான் போத்தலை எடுத்து வைச்சிட்டன்.

விடியல்நடை அண்ணை, நீங்கள் ஓடுங்கோ. ஆனால் வாகனப் புகைக்குள்ளே ஓடாதேங்கோ. புகை நுரையீரலுக்குள் கொண்டுபோற நுண்துகளும் இதே மார்க்கரைத்தான் ஏத்தும், அதில் சேதி ஒன்றும் இல்லை, வெறும் கெடுதல் மட்டும்தான்.


பதிவு 11 | அல்லிக்குளம்

நான் இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு அவரை நடக்கச் சொல்லப் பயமாக இருக்கிறது. வயதானவர்களுக்கு உடம்பில் பாதுகாப்பு குறைவு என்கிறார்களே, அப்போது இந்தச் சேதியே பாரமாகிவிடாதா? அவருக்கு ஓட்டம் எல்லாம் முடியாது. வாசலிலிருந்து கோயில்வரை போய் வருவார், அவ்வளவுதான்.


பதிவு 12 | ஓயாத்தசை

அக்கா, பயப்படவே வேண்டாம். நல்ல கேள்வி கேட்டீர்கள், இதை முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதே எம்டிஏ போன்ற அளவுகள் மற்றவர்களைவிட உயர்ந்துதான் இருக்கும். ரத்தத்தில் நாள் முழுக்க நிற்கும் சர்க்கரையே அதைச் செய்கிறது. பயிற்சியில் வருவது சிறிது நேரம் ஏறி இறங்கும் அலை. சர்க்கரையில் வருவது இறங்காமல் நிற்கும் வெள்ளம். மிதமான நடை அந்த அலையையே பெரிதாக எழுப்புவதில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் நிற்கும் வெள்ளம் வடிகிறது, வகை 2 சர்க்கரை உள்ளவர்களை வைத்துச் செய்த பயிற்சி ஆய்வுகளில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வயதானவர்களுக்குப் புது மைட்டோகாண்ட்ரியா கட்டும் வேகம் குறைவுதான், ஆனால் நின்றுவிடுவதில்லை.

அம்மா விஷயத்தில் நான் மார்க்கரைப் பற்றிக் கவலைப்படவே மாட்டேன். கவலைப்பட வேண்டியது கால். 15 வருடச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், செருப்பு நல்லதாக இருக்கட்டும், திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுக்கிறார் என்றால் கையில் ஏதாவது இனிப்பு இருக்கட்டும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுச் சர்க்கரை ஏறுவதும் குறையும். கோயில் தூரம் போதும், தினமும் போகட்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மேடோ படியோ இறங்குவது ஏறுவதைவிட எளிது என்று தோன்றும். ஆனால் இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. பழக்கம் இல்லாதவர்களுக்கு அப்படிப்பட்ட வேலையில்தான் தசை அதிகம் நோகும், மார்க்கர்கள் அன்றைக்கு ஏறாமல் இரண்டு மூன்று நாள் கழித்து உச்சத்துக்குப் போகும். அண்ணாவுக்கும் இது பொருந்தும். பாலம் பாலமாக ஏறி இறங்கும் பாதையில் ஓடியிருந்தால் மறுநாள் எண் இன்னும் உச்சத்தையே தொட்டிருக்காது.


பதிவு 13 | சோதனைக்குழாய்

கூடவே ஒரு குறிப்பு. ஓடி முடித்த உடனே ரத்தம் எடுத்தால் வியர்த்து ரத்தம் கெட்டியாகியிருக்கும், எல்லா அளவும் கூடினது போலத் தெரியும். அடுத்த ஓரிரு நாளில் அதற்கு நேர்மாறாக ரத்தத்தில் நீர் கூடும், அப்போது ஹீமோகுளோபின்கூடக் குறைந்தது போலத் தெரியும். ஆராய்ச்சி செய்பவர்கள் ஹீமோகுளோபினையும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹெமட்டோகிரிட்டையும் வைத்து இதைத் திருத்திக் கணக்கிடுவார்கள், 1974ல் டில்லும் காஸ்டிலும் கொடுத்த வாய்ப்பாடு. லேப் தாளில் அந்தத் திருத்தம் இருக்காது.

ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரிது. கிரீஸ் நாட்டில் மார்கரிடெலிஸ், நிகோலாய்டிஸ் குழு ஒரே பயிற்சியைப் பலருக்குக் கொடுத்தபோது சிலருக்கு ஐசோப்ரோஸ்டேன் ஏறியது, சிலருக்கு இறங்கியது. பெரும்பாலும் முன்பே தாழ்வாக இருந்தவர்களுக்கு ஏறியது, உயரமாக இருந்தவர்களுக்கு இறங்கியது. இதில் ஒரு பங்கு வெறும் கணக்கு விளைவாகவும் இருக்கலாம், முதல் தடவை தற்செயலாகத் தாழ்வாக வந்த எண் அடுத்த தடவை ஏறத்தான் செய்யும். எப்படியானாலும் தம்பியிடம் ஓட்டத்துக்கு முந்திய எண்ணே இல்லை. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஏறியது என்று நாம் எல்லோரும் இத்தனை நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம் பாருங்கள். எப்போதுமே அவருக்கு அவ்வளவுதானோ என்னவோ.

மருதமலை தம்பிக்கும் ஒன்று. தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி போட்டுக்கொண்டு சிறுநீரில் சர்க்கரைப் பட்டை வைத்துப் பார்த்தால் சர்க்கரை இருந்தும் இல்லை என்று காட்டலாம். சோதனைக்குப் போகும்போது மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள். ஸ்வீடனில் ஆண்களைப் பல வருடம் கவனித்த ஓர் ஆய்வில் வைட்டமின் சி மாத்திரை போட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் அதிகம் வந்ததையும் கண்டார்கள். ஏற்கெனவே கல் வந்தவர் என்றால் யோசியுங்கள்.


பதிவு 14 | மருதமலை

கல் வந்ததில்லை அக்கா. ஆனால் அப்பாவுக்கு வந்திருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி, டாக்டரிடம் கேட்கிறேன்.

பழமும் காயும் சாப்பிட்டாலும் இதே தடை வருமா? கொய்யாவும் நெல்லிக்காயும் எங்கள் வீட்டில் தினமும் உண்டு.


பதிவு 15 | ஓயாத்தசை

வராது. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியதே 100க்குள். பழத்தில் கிடைக்கும் அளவில் பயிற்சியின் பலன் தடைபட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. பிரச்சினை அதிக அளவில், தனியாகப் பிரித்தெடுத்துப் போடுவதில். கீரை, பழம், பருப்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், நுரையீரல் புற்று குறையும் என்று நம்பிக் கொடுத்தது, 18 சதவீதம் கூடியது. 1994ல் வந்த முடிவு அது. இதைப் படித்ததிலிருந்து, உணவில் நல்லது என்றால் மாத்திரையிலும் நல்லது என்று யார் சொன்னாலும் நான் ஆதாரம் கேட்கிறேன்.


பதிவு 16 | விடியல்நடை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சோதனைக்குழாய் அக்கா சொன்னபடி லேபுக்குப் போன் செய்து கேட்டேன். எம்டிஏ மாதிரி அங்கே பார்ப்பதில்லையாம், சேகரித்து வேறு ஊருக்கு அனுப்புவார்களாம், அன்று வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று அவர்களுக்கே தெரியவில்லை. முறை டிபார்ஸ்தான் என்று உறுதி செய்தார்கள். அதைத் திரும்ப எடுக்கப்போவதில்லை. அந்தப் பணத்துக்கு எச்பிஏ1சியும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியும் எடுக்கிறேன், ஒன்பது நாள் ஓடாமல் நடந்து மட்டும் இருந்துவிட்டு. டாக்டரிடமும் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பாதையில் மூன்று மேம்பாலம் இருந்தது ஓயாத்தசை. முன்தொடை இன்றைக்கும் படி இறங்கினால் வலிக்கிறது. நீங்கள் சொன்ன பிறகுதான் ஏன் என்று புரிந்தது.

மாத்திரை டப்பாவைப் பயிற்சியாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. அந்த ஜெர்மனி ஆய்வை எனக்கும் அனுப்புங்கள் என்றார், இந்த இழையின் சுட்டியை அனுப்பிவிட்டேன். ஒருவேளை அவரே இங்கு வந்து கேட்பார்.

கடைசியாக ஒன்று. டிசம்பரில் இன்னொரு 21 கிலோமீட்டருக்குப் பதிவு செய்யலாமா, அல்லது ஒரு வருடம் 10 கிலோமீட்டரிலேயே நிற்கட்டுமா?


பதிவு 17 | பருத்தித்துறையான்

அண்ணை, இன்னும் ஐந்து மாதம் கிடக்குது. முதல் ஆறு கிழமை 10ஐ ஒழுங்காக ஓடுங்கோ, பாலம் இறங்குகிற இடத்தில் கிழமைக்கு ஒருக்கா மெதுவாகப் பழகுங்கோ. தசை ஒருமுறை பழகினால் அடுத்தமுறை இவ்வளவு நோகாது. ஆனால் பதிவு செய்ய முன்னம் அந்த எஸ்ஜிஓடி என்ன வருகுது என்று பார்த்திட்டு இங்கே வந்து எழுதுங்கோ, நான் பார்த்துக்கொண்டிருப்பன்.